அஞ்சுவோரும் அஞ்சப்படுவோரும்

உருவம் பெரிதாயின் உள்ளமும் உரமுடையதாயிருக்கும் என்று உலகம் எண்ணுகின்றது. பருத்த உடலும் முழங்கும் குரலும் உடையவன் எதற்கும் அஞ்சான் என்றும், மெலிந்தவன் எளிதில் நடுங்குவான் என்றும் நாம் கணக்கிட்டு விடுகின்றோம். இக்கணக்கு மக்களிடத்தும் பிழைபடுகின்றது, விலங்குகளிடத்தும் பிழைபடுகின்றது. பிழை நம் எண்ணத்தோடு நின்றுவிடுமாயின் கேடில்லை. அதனைக் கொண்டு ஓர் உயிரை நடத்தத் தொடங்கும்போதுதான் கேடு விளைகின்றது. ஆதலின், கண்டோர் அஞ்சும் உருவமும், தான் எதற்கும் அஞ்சும் உள்ளமும் ஒருங்கே பெற்ற ஓர் உயிரைத் தம் இல்லத்தில் வைத்து வாழ்வோர்க்கு உரிய கடமை யாது என்னும் வினாவை இங்கு ஆராய்வோம்.

நாயைப் பற்றி எழுதவும் நம் ஏட்டில் இடமுண்டோ என்று அன்பர் சிலர் வினவக்கூடும். அச்சம் எவ்வாறு பிறக்கின்றது, பிறரால் எவ்வாறு தவறாக உணரப்படுகின்றது, அதனைத் தணிக்க வல்லது எது என்பவற்றை மனிதரிடத்தில் கற்பது அரிது. மனிதன் தன் அச்சத்தை மறைக்கக் கற்றவன். வாயில்லா உயிர் அதனை மறைப்பதில்லை. ஆதலின் இவ்வாராய்ச்சிக்கு அதுவே தக்க ஆசான்.

நம் இல்லத்தில் ஆறாண்டுகளாக ஒரு நாய் வாழ்கின்றது. கிரேட் டேன் என்னும் இனத்தைச் சேர்ந்தது. பெயரைக் கேட்போர் அதனை டென்மார்க்கு நாட்டு நாய் என்று கருதுவர். ஆனால் இவ்வினம் உருவானது ஜெர்மனியில். காட்டுப்பன்றி வேட்டைக்குப் பயன்பட்ட பெருநாய்களின் வழியில் வந்தது. நம்மிடம் உள்ளது கருநிறமுடைய ஆண். எடை 58 கிலோ. நின்றால் அதன் முதுகு நம் இடுப்பளவு வரும். ‘டைகர்’ என்று அழைக்கின்றோம். அப்பெயரை இட்டவர் நாமல்லர். முன்னர் அதனை வைத்திருந்த ஒரு கிடங்குக்காரர். அவர் அதனைச் சிறு குட்டியாக வாங்கி, சன்னலில்லாத தகரக் கொட்டகை ஒன்றில் கட்டி வைத்து, வளர்ந்தபின் காவலுக்கு ஆகும் என்று காத்திருந்தார். பத்து மாதம் ஆயிற்று. காவல் காக்க வேண்டிய நாய், லாரியின் ஒலி கேட்டவுடன் மூட்டைகளுக்குப் பின்னே ஒளிந்து கொண்டது. பயனற்றது என்று அவர் கைவிட, நம் மகன் அதனை இல்லத்திற்கு அழைத்து வந்தான்.

டைகர் அஞ்சும் பொருள்களை எண்ணப் புகின் பட்டியல் நீளும். விரித்த குடைக்கு அஞ்சும். தலைக்கவசம் அணிந்து வருவோர்க்கு அஞ்சும். காற்றில் படபடக்கும் பாலிதீன் பைக்கு அஞ்சும். குக்கர் கூவினால் கட்டிலுக்கடியில் நுழைய முயலும். தலை மட்டுமே நுழையும், உடல் வெளியே நிற்கும். பக்கத்து வீட்டுப் பூனை நம் வாயிற்படியில் அமர்ந்திருந்தால், அது எழுந்து செல்லும்வரை டைகர் முன்கூடத்திற்கு வாராது. அப்பூனையின் எடை மூன்று கிலோ இருக்கலாம்.

இந்நாயோடு தெருவிற் சென்றால் நடப்பது வேறு. தாய்மார் குழந்தைகளைப் பற்றி இழுத்து ஒதுங்குவர். சிலர் வேறு சந்தில் திரும்பி விடுவர். ஆடவர் சிலர் குனிந்து கல்லெடுப்பர். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்னும் பழமொழியை நம் மக்கள் நகைச்சுவையாக வழங்குகின்றனர். நாயைக் கண்டால் கல் வேண்டும் என்பது அதற்குள் ஐயமின்றி ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கின்றது என்பதைக் கருதுவார் இல்லை. மனிதன் குனிவதைக் கண்டவுடன் நாய் அஞ்சுகின்றது, அஞ்சியதால் குரைக்கின்றது. அது குரைப்பதைக் கண்டவுடன் மனிதன், ‘நாம் எண்ணியது சரியே’ என்று கல்லை இன்னும் இறுகப் பற்றுகின்றான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது இங்கு இருவர்க்கும் பொருந்தும். ஓர் அச்சம் மற்றோர் அச்சத்திற்கு உணவாகின்றது. இருவரில் எவரும் கொடியவர் அல்லர். எனினும் கொடுமை நிகழ்ந்து விடக்கூடும்.

ஆதலின் முதற் கடமை, அச்சத்தை அச்சமென்று அறிந்து கொள்வது. சார்லஸ் டார்வின் 1872ஆம் ஆண்டு வெளியிட்ட, மனிதரும் விலங்குகளும் உணர்ச்சிகளை வெளிப்படுத்தும் முறை பற்றிய நூலில், பகை கொண்ட நாயின் நிலையையும் அன்பு காட்டும் நாயின் நிலையையும் ஒப்பிட்டு விளக்கியுள்ளார். அவருக்குப் பின் வந்தோர் அச்சத்தின் அடையாளங்களை இன்னும் நுணுக்கமாகக் கண்டுள்ளனர். வாலை அடிவயிற்றோடு ஒடுக்குதல், செவிகளைப் பின்னே மடித்தல், உணவு இல்லாதபோதும் உதட்டை நக்குதல், உறக்கம் இல்லாதபோதும் கொட்டாவி விடுதல், முகத்தைத் திருப்பிக் கண்ணின் வெண்மை தோன்ற ஓரமாகப் பார்த்தல், முன்கால் ஒன்றைத் தூக்கி நிற்றல், வெயில் இல்லாதபோதும் இரைத்தல் ஆகிய இவையெல்லாம் அச்சத்தின் மொழி. முதுகு மயிர் சிலிர்ப்பதைச் சினம் என்றே பலரும் கொள்வர். அஞ்சிய நாய்க்கும் மயிர் சிலிர்க்கும். சிறு நாய் நடுங்கினால் ‘பாவம்’ என்கின்றோம். பெருநாய் நடுங்கினால் ‘பாயப் போகிறது’ என்கின்றோம். நடுக்கம் ஒன்றே, அளவு மாறியவுடன் நம் தீர்ப்பு மாறி விடுகின்றது.

இவ்வச்சம் எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி பிறப்பில் வருகின்றது; அஞ்சும் இயல்புடைய தாய் தந்தையர்க்கு அஞ்சும் குட்டிகள் பிறப்பதுண்டு. பெரும்பகுதி வளர்ப்பில் வருகின்றது. 1961ஆம் ஆண்டு பிரீட்மன், கிங், எலியட் என்னும் மூவர் அமெரிக்காவில் நிகழ்த்திய ஆராய்ச்சியொன்று வெளிவந்தது. வேலியிட்ட வெளியில் மனிதத் தொடர்பின்றி வளர்க்கப்பட்ட குட்டிகளை வெவ்வேறு வயதில் வெளியே கொணர்ந்து மனிதரோடு பழக்கினர். பதினான்கு வாரம் வரை மனிதரையே அறியாது வளர்ந்தவை பின்னர் எளிதில் பழகவில்லை. மனிதரைக் கண்டு அஞ்சியே ஓடின. நாய்க்குட்டி இவ்வுலகோடு உறவு கொள்ளும் வாயில் ஏறத்தாழ மூன்றாம் வாரத்தில் திறந்து, பன்னிரண்டு முதல் பதினான்கு வாரத்திற்குள் பெரும்பாலும் மூடிக் கொள்கின்றது என்று இன்று அறிவோர் கூறுவர். அக்காலத்தில் குடையும், குழந்தையும், ஊர்தியும், பல முகங்களும் காணாத குட்டிக்கு அவை வாழ்நாள் முழுதும் அயலாகவே தோன்றும். டைகர் அக்காலத்தில் கண்டது நான்கு தகரச் சுவர்.

ஆகவே அதன் அச்சம் அதன் குற்றமன்று. குற்றமில்லாத இடத்தில் தண்டனைக்கு இடமில்லை. இது எளிய உண்மை. ஆயினும் நடைமுறையில் எளிதில் மறக்கப்படுவது. அஞ்சிக் குரைக்கும் நாயை அடித்து அடக்குவதும், உறுமும் நாயின் வாயில் ஓங்கி அறைவதும் ‘பயிற்சி’ என்னும் பெயரால் நடைபெறுகின்றன.

குரைக்கிற நாய் கடிக்காது என்பதொரு பழமொழி. இது பாதி உண்மை. அப்பாதியை முழுதென நம்பிக் கடிபட்டோர் பலர். குரைத்தலும் உறுமுதலும் நாயின் சொற்கள். ‘நில், அருகில் வாராதே, எனக்கு அச்சமாயிருக்கிறது’ என்பதே அச்சொற்களின் பொருள். அச்சொல்லுக்காக அடி வாங்கிய நாய் அடுத்த முறை அச்சொல்லைச் சொல்லாது. அச்சம் நீங்கியதால் அன்று. சொன்னால் அடி விழும் என்று கற்றதால். பின்னர் ஒருநாள் அது எச்சரிக்கையின்றிக் கடிக்கும். கடித்தபின் ‘காரணமின்றிக் கடித்தது’ என்று ஊர் கூறும். காரணத்தைச் சொல்லும் வாயை அடைத்தவரை ஊர் வினவுவதில்லை.

நாம் இருபது ஆண்டுக்கு மேல் ஆலையில் உழைத்தவர். அங்கே ஒரு பகுதியில் மேஸ்திரி ஒருவர் இருந்தார். பஞ்சுத் தூசு மூச்சை அடைக்கின்றது, மின்விசிறி சுழலவில்லை என்று எவன் கூறினாலும் அவனுக்கு மறுநாள் வேலையில்லை. சில திங்களில் முறையீடு அடியோடு நின்றது. தம் பகுதியில் குறையே இல்லை என்று அவர் மேலிடத்திற்குக் கூறி வந்தார். ஒருநாள் ஷிப்டு மாறும் நேரத்தில் பொறிகள் யாவும் ஒருங்கே நின்றன; முன்னறிவிப்பு இல்லை; கண்ணாடிகள் உடைந்தன. முறையீடு இல்லாமை வேறு, குறை இல்லாமை வேறு என்பதை அன்று எல்லாரும் கண்டனர். இன்னொன்றும் கூறுவோம். அம்மேஸ்திரி ஆறடி உயரமும் முறுக்கிய மீசையும் உடையவர். முதலாளியின் கார் வாயிலில் நுழைந்தால் அவர் கை நடுங்கியதை அருகிலிருந்தோர் அறிவர். உரக்கக் கத்துவோரிடத்தில் அச்சமும் இருக்கக்கூடும் என்பதை நாம் அங்கேயே கற்றோம்.

இனி, அச்சத்தைப் போக்கும் வழி யாது? ‘அஞ்சும் பொருளின் நடுவே கொண்டு போய் நிறுத்துங்கள், பழகி விடும்’ என்பர் சிலர். தறிக்கூடத்தில் வேலை செய்தோர் இதற்கு விடை கூறுவர். முதல் நாள் அவ்விரைச்சல் தலையைப் பிளக்கும். சில ஆண்டுகளில் ‘பழகி விட்டது’ என்பர். உண்மையில் பழகியது உள்ளமன்று. செவி மங்கி விட்டது. வீட்டில் மனைவி மக்கள் கூப்பிடுவதும் கேளாது. துன்பத்தை உணரும் ஆற்றல் அழிந்ததைத் துன்பம் தீர்ந்ததாகக் கொள்ளலாமோ?

1967ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் செலிக்மன், மயர் என்போர் நாய்களைக் கொண்டு ஒரு சோதனை நிகழ்த்தினர். தம்மால் நிறுத்த இயலாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்கள், பின்னர்த் தடுப்பைத் தாண்டினால் தப்பலாம் என்னும் இடத்தில் வைக்கப்பட்டபோதும், அவற்றுட் பல தாண்ட முயலாது அதிர்ச்சியை ஏற்றுக் கிடந்தன. அச்சோதனையின் கொடுமையை நாம் ஒப்பவில்லை. அது காட்டிய உண்மையை மறக்கவும் கூடாது. அசையாது கிடக்கும் உயிர் அமைதியுற்ற உயிர் என்று கொள்வது பெரும்பிழை. எதிர்ப்பு ஒழிந்தது அன்றி, நம்பிக்கையும் ஒழிந்திருக்கக் கூடும்.

தக்க வழி மெதுவானது. அஞ்சும் பொருளைத் தொலைவில் வைத்து, அத்தொலைவில் நாய்க்கு விருப்பமான உணவைக் கொடுத்து, நாள்தோறும் சிறிது சிறிதாக அணுகச் செய்வதே அது. டைகரின் பொருட்டு நாம் மடக்கிய குடையொன்றை முற்றத்தின் கோடியில் சாய்த்து வைத்தோம். இக்கோடியில் அவித்த முட்டையின் துண்டுகள். நாய் உண்டால் தொலைவு சரி, உணவை மறுத்தால் மிக அணுகி விட்டோம் என்று பொருள், பின்வாங்க வேண்டும். எவ்வளவு நெருங்குவது என்பதை முடிவு செய்வது நாம் அன்று, நாயே. விரித்த குடையின் அருகே அது படுத்துறங்க நான்கு திங்கள் ஆயிற்று. தலைக்கவசத்திற்கு இரண்டு திங்கள். தெருவில் எரிவாயு உருளை உருட்டும் ஒலிக்கு ஆறாண்டாகியும் பழகவில்லை. அதனை ஏற்றுக் கொண்டோம். உருளை வரும் நாளில் அதனை உள்ளறைக்கு அழைத்துச் செல்கின்றோம். எல்லா அச்சத்தையும் நீக்கியே தீர்வோம் என்பதும் ஒருவகை வன்முறையே.

தீபாவளி இரவு இதற்குக் கடுஞ்சோதனை. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 அதிர்வு வரையே கேட்கும். நாயின் செவி 40,000க்கு மேலும் கேட்கும். நமக்கு வெடிச்சத்தம் எத்தகையதோ அதனினும் மிகுந்தது அதற்கு. இரவு எட்டு மணி முதல் பத்து மணி வரை மட்டுமே வெடிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் ஆணையிட்டதுண்டு. தெருக்கள் அதனை அறிந்தனவாகத் தோன்றவில்லை. அன்று சன்னல்களை அடைத்து, மின்விசிறியை விரைவாகச் சுழலவிட்டு, உள்ளறையில் அதனருகே அமர்ந்திருக்கின்றோம். ‘ஆறுதல் கூறினால் அச்சம் வளரும்’ என்று அறிவுரைப்போர் உளர். அச்சம் பரிசு வேண்டிச் செய்யப்படும் செயல் அன்று, தானே நிகழ்வது. காய்ச்சலுற்ற குழந்தையின் தலையைத் தடவினால் காய்ச்சல் மிகுமோ?

இதுகாறும் நாயின் பக்கம் நின்று கூறினோம். மறுபக்கத்தைக் கூறாது விடுவது அறமன்று. நாய் வளர்ப்போர் வாயில் அடிக்கடி வரும் சொல் ஒன்றுண்டு: “அது ஒன்றும் செய்யாது, வாருங்கள் அம்மா!” இச்சொல்லை நாம் சொல்வதில்லை. காரணம் இரண்டு. ஒன்று, அது உறுதியாகச் சொல்லத்தக்கதன்று. அஞ்சிய உயிர்க்கு ஓடுதல், உறைந்து நிற்றல், எதிர்த்துத் தாக்குதல் என வழிகள் சிலவே. சங்கிலியும் சுவரும் ஓடும் வழியை அடைத்து விட்டால் எஞ்சுவது பல்லே. 58 கிலோ எடையுள்ள நாயின் பல் சிறு காயத்தோடு விடாது. இரண்டு, சொல் உண்மையேயாயினும், பிறர் அச்சத்தைப் பொருளற்றதென்று தள்ளும் உரிமை நமக்கில்லை. வெறிநாய்க்கடி நோய் வெளிப்பட்டபின் அதனின்று பிழைப்பது அரிதினும் அரிது. இளமையில் கடிபட்டவரும், உறவினரை அந்நோய்க்குப் பறிகொடுத்தவரும் நம் தெருக்களில் உளர். அவர் அச்சம் அறியாமை அன்று.

ஆதலின் இந்நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி இடுகின்றோம். வார் இன்றி வாயிலுக்கு வெளியே விடுவதில்லை. எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், அவ்விடத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனை சென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று அண்டையாரிடம் கூறியும் வருகின்றோம்.

நம் தெருவில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, நம் வாயிலைக் கடக்க அஞ்சி, பள்ளிக்குச் சுற்று வழியாகச் சென்று வந்தாள். அவள் தாய் நம்மிடம் வந்து குறை கூறவில்லை. இன்னொருவர் வாயிலாக அறிந்தோம். குழந்தையை அழைத்து நாயைத் தடவச் செய்தால் அச்சம் தெளியும் என்றனர் சிலர். அஃது அக்குழந்தைக்கும் கொடுமை, நாய்க்கும் கொடுமை. இரும்புக் கதவின் கீழ்ப்பாதியில் தகடு அடித்தோம். இருவரும் ஒருவரையொருவர் காணாதவாறு ஆயிற்று. உலாச் செல்லும் நேரத்தை விடியல் ஐந்து மணிக்கு மாற்றினோம். பள்ளி மணி நேரத்தில் நாய் பின்கட்டில் இருக்கும் என்று தாயிடம் உறுதி கூறினோம். அவ்வுறுதியைக் காத்தும் வருகின்றோம். சில திங்களுக்குப்பின் சிறுமி நேர்வழியே செல்லத் தொடங்கினாள். இன்றளவும் அவள் டைகரைத் தொட்டதில்லை. தொட வேண்டிய கடமை அவளுக்கில்லை.

இங்கே நுட்பமான வினாவொன்று எழுகின்றது. உருவத்தைக் கண்டு பிறர் அஞ்சுவதால் நம் இல்லத்திற்கு ஒரு நன்மையும் உண்டு. திருடன் அணுகான். ‘நாய் ஜாக்கிரதை’ என்று பலகை தொங்கவிட்டால் நன்மை இன்னும் பெருகும். ஆனால் அந்நன்மைக்கு விலை கொடுப்பது யார்? கொடிய நாய் என்று பெயர் பரவப் பரவ, மக்கள் கல்லோடும் கோலோடும் கடப்பர். அதனால் நாயின் அச்சம் மிகும். சிறுமி சுற்று வழியே செல்வாள். பொய்யான பெயரின் ஊதியத்தை நாம் பெற, அதன் துன்பத்தை நாயும் அண்டையாரும் சுமப்பர். இது நேர்மையன்று. ஆகவே நம் கதவில், ‘இந்நாய் அச்சமுடையது, தொடவோ கூப்பிடவோ வேண்டா’ என்று கன்னடத்திலும் தமிழிலும் எழுதி வைத்துள்ளோம். நகைப்போர் உளர். நகைப்பினால் எவர்க்கும் காயமில்லை.

சட்டமும் உருவத்தைக் கண்டு மயங்குவதுண்டு. பிரிட்டனில் 1991ஆம் ஆண்டுச் சட்டம் சில வகை நாய்களைத் தோற்ற அளவையாலேயே தடை செய்தது. நம் நாட்டில் 2024 மார்ச்சுத் திங்களில் 23 இன நாய்களைத் தடை செய்யுமாறு நடுவணரசு மாநிலங்கட்குச் சுற்றறிக்கை விடுத்தது; அடுத்த திங்களே கர்நாடக உயர் நீதிமன்றம் அதனைத் தள்ளியது. கடிபட்ட குழந்தைகளின் துயரே அத்தகைய ஆணைகளைப் பிறப்பிக்கின்றது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் எந்த நாய் எவ்வாறு வளர்க்கப்பட்டது, எவர் பொறுப்பில் உள்ளது என்று வினவாது, எந்த இனம் என்று மட்டும் வினவுவது நோயை விட்டு நிறத்தைப் பார்க்கும் மருத்துவம். பிறப்பைக் கொண்டு தீர்ப்பெழுதும் வழக்கத்தின் கூர்மையை நம் அன்பர்கட்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

‘இத்தனை தொல்லை எதற்கு? எங்கேனும் நெடுஞ்சாலையில் விட்டு விடலாமே’ என்றாரும் உண்டு. உணவும் நீருமின்றித் துன்புறும் நிலையில் விலங்கைக் கைவிடுதல், 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அச்சட்டம் வர உழைத்தவர் மாநிலங்களவையில் இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். சட்டத்தை விடுக. பயன் தராதது என்று ஒருவர் கைவிட்ட உயிரை, தொல்லை தருவது என்று மற்றொருவரும் கைவிடின், அதன் அச்சமே சரியென்று நாம் மெய்ப்பித்தவராவோம். இவ்வினம் வாழும் காலமும் குறுகியது; பெரும்பாலும் ஏழு முதல் பத்து ஆண்டு. டைகர்க்கு ஏழாம் ஆண்டு நடக்கின்றது. முகத்தில் நரை தோன்றி விட்டது. எஞ்சிய நாள்களில் அது ஒருநாளேனும் நடுங்காது உறங்குமாயின் அது சிறு பேறன்று.

பஞ்சசீலத்தைக் காப்பவன் எண்ணற்ற உயிர்கட்கு அச்சமின்மையைத் தானமாக வழங்குகின்றான் என்பது நம் தர்மத்தின் கொள்கை. சோறும் துணியும் போலவே அச்சமின்மையும் ஒருவர் மற்றொருவர்க்குக் கொடுக்கத்தக்க பொருள் என்பதே இதில் வியப்பு. மற்றைத் தானங்கட்குச் செல்வம் வேண்டும். இதற்குப் பொறுமை போதும். ஆனால் இத்தானத்தை ஒரு பக்கத்திற்கு மட்டும் வழங்க இயலாது. நாய்க்கு அபயம் அளித்து அண்டைக் குழந்தையை நடுங்கவிட்டால் அது தானமன்று. குழந்தைக்கு அபயம் அளிப்பதற்காக நாயை அடித்து ஒடுக்கினாலும் அது தானமன்று. இருவர்க்கும் இடையே நின்று, இருவர் அச்சத்தையும் மெய்யென மதித்து, தகடடித்தும், வேளை மாற்றியும், சொன்ன சொல்லைக் காத்தும் நடப்பதே அதன் வழி. நாய் வளர்க்கும் அன்பர்களும் வளர்க்காத அன்பர்களும் நாளை தெருவில் ஒரு பெருநாயைக் காணின், முதலில் அதன் பல்லைப் பாராது வாலைப் பார்ப்பாராக. அது வயிற்றோடு ஒடுங்கியிருந்தால், கல்லெடுக்கவும் வேண்டா, கை நீட்டவும் வேண்டா. சற்று ஒதுங்கி வழி விடுக. அதுவே போதும்.